வலியும் போதையும்: ஒரு சட்டப் பிரதியை வாசித்தல்

1

இலக்கியம் படித்தவனுக்குச் சட்டப் புத்தகத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். கவிதையையும் நாவலையும் வரிவரியாகப் பிரித்துப் போடுவதற்கு நாம் செலவழிக்கிற நேரத்தில் கால்வாசியைக்கூட அரசின் பிரதிகளுக்குச் செலவழிப்பதில்லை. நாவலைத் தப்பாக வாசித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அதிகம் போனால் நாவலாசிரியர் கோபித்துக்கொண்டு பத்திரிகைக்குக் கடிதம் போடுவார். சட்டப் பிரதி அப்படியல்ல. அதன் ஒரு வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, எங்கோ ஒரு ஊரில், ஒரு கயிற்றுக் கட்டிலில், ஒரு உடம்பு ராத்திரி முழுக்கத் துடிக்கிறது.

நான் எடுத்துக்கொள்ளும் பிரதி 1985 நவம்பர் 14 அன்று இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலச் சுருக்கத்தில் என்.டி.பி.எஸ். நம் செய்தித்தாள்களில் 'போதைப்பொருள் தடுப்புச் சட்டம்'. மூலத் தலைப்பில் 'தடுப்பு' என்ற சொல்லே கிடையாது. 'இன்ன இன்ன மருந்துகள், பொருட்கள் பற்றிய சட்டம்' என்றுதான் இருக்கிறது. தடுப்பு என்பது நாம் சேர்த்துக்கொண்டது. சேர்த்ததில் ஒரு நேர்மையும் இருக்கிறது: சட்டம் தன்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டதை, அது நடைமுறையில் என்ன செய்ததோ அதை, தமிழ்ப் பத்திரிகைக்காரர் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

சட்டத்தின் 8வது பிரிவுதான் அதன் இதயம். அபின், மார்ஃபின், கஞ்சா, கோக்கா என்று எதையும் யாரும் விளைவிக்கவோ செய்யவோ வைத்திருக்கவோ விற்கவோ வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று அடுக்கிக்கொண்டே போகிறது. அந்த அடுக்கின் கடைசியில்தான் மருத்துவத்துக்கோ அறிவியலுக்கோ ஆனால் தவிர என்று வருகிறது. அதோடும் நிற்கவில்லை. அந்தத் தவிர்ப்புக்கும் ஒரு வால்: விதிகள் சொல்லும் அளவிலும் முறையிலும் மட்டும். அந்த விதிகளை எழுதும் அதிகாரம் பெருமளவு மாநிலங்களிடம் விடப்பட்டது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு புரியும். தடை முற்றுவினை. நோயாளி எச்சவினை. முற்று தன்காலில் நிற்கும், எச்சம் வேறொன்று வந்து தன்னை முடித்துவைக்கும் வரை காத்திருக்க வேண்டும். இந்திய நோயாளி ஏறத்தாழ முப்பது வருஷம் அப்படிக் காத்திருந்தார், பல ஊர்களில் இன்னும் காத்திருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தச் சட்டத்துக்குத் தாய்ப்பிரதி 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை. அதன் முகப்புரை வலியையும் துன்பத்தையும் ஆற்ற இம்மருந்துகள் இன்றியமையாதவை, அவை போதிய அளவில் கிடைக்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்ற அங்கீகாரத்தை முதலில் வைத்துவிட்டு, அதன் பிறகே அடிமையாதலின் தீமைக்குப் போகிறது. தாய்ப்பிரதியில் முன்னால் இருந்த நோயாளி சேய்ப்பிரதியில் வாக்கியத்தின் வாலுக்குப் போய்விட்டார்.

2

சொற்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'நார்க்காட்டிக்' என்பதன் வேர் கிரேக்கத்தில் மரத்துப்போதலைக் குறிப்பது. கை மரத்துப்போச்சு, கால் மரத்துப்போச்சு என்கிறோமே, அந்த மரத்துப்போதல். வலி தெரியாமல் இருப்பது. இதைத் தமிழில் 'போதைப்பொருள்' என்று ஆக்கியபோது மரத்துப்போதல் காணாமல் போய் மயக்கமும் வெறியும் இன்பமும் வந்து உட்கார்ந்துகொண்டன. வலியிலிருந்து விடுபடுவதைக் குறித்த சொல், சுகத்தைத் தேடிப் போவதைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. போதை என்றாலே நம் காதில் ஒழுக்கக்கேடு என்று விழுகிறது. இடதுசாரி காதிலும் அப்படித்தான், காந்தியவாதி காதிலும் அப்படித்தான்.

இன்னொன்று. 1940ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, மருந்துக் கடைகளை ஆளுவது. அதன் ஆங்கிலத் தலைப்பிலும் 'டிரக்' என்ற சொல்தான், 1985 சட்டத்தின் தலைப்பிலும் அதே சொல்தான். தமிழுக்கு வரும்போது முன்னது 'மருந்துகள்' சட்டம், பின்னது 'போதைப்பொருள்' சட்டம். மார்ஃபின் மாத்திரை இரண்டு சட்டங்களுக்கும் உட்பட்டது. ஆக ஒரே மாத்திரைக்குத் தமிழில் ஒரு பக்கம் மருந்து என்று பெயர், மறுபக்கம் போதை என்று பெயர். கடைக்காரர் எந்தப் பெயரைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்வார் என்று கேட்கவே வேண்டாம். பத்து வருஷச் சிறை எந்தப் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரைத்தான்.

தெரிதா 1968ல் எழுதிய 'பிளேட்டோவின் மருந்தகம்' கட்டுரையை நம்மில் பலர் வாசித்திருக்கிறோம், வாசிக்காதவர்களும் மேற்கோள் காட்டியிருக்கிறோம். 'ஃபார்மக்கான்' என்ற கிரேக்கச் சொல் மருந்தாகவும் நஞ்சாகவும் ஒரே சமயத்தில் இயங்குவதையும், மொழிபெயர்ப்பாளர்கள் ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து மற்றதைக் கொன்றுவிடுவதையும் அவர் காட்டுகிறார். இதற்காகப் பாரீஸ் வரை போகவே வேண்டியதில்லை. 'மருந்தக் குடிச்சிட்டா' என்று கிராமத்தில் ஒரு செய்தி வந்தால் அவள் குணமாகிவிட்டாள் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. பூச்சிமருந்து என்று புரிந்துகொண்டு ஓடுகிறோம். 'மருந்து வச்சுட்டாங்க' என்றால் வசியம். வெடியில் இருப்பதும் மருந்துதான். பேச்சுத்தமிழ் மருந்தின் இரண்டு முகத்தையும் எப்போதும் சேர்த்தே வைத்திருந்தது. சித்த மருத்துவமும் அப்படித்தான். மருந்துச் சட்டத்தின் விதிகளில் மருத்துவக் கண்காணிப்போடு மட்டும் உட்கொள்ள வேண்டிய நச்சுச் சரக்குகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதன் சித்த மருத்துவப் பகுதியில் அபினியும் கஞ்சாவும் இருக்கின்றன. நஞ்சென்று தெரிந்தே, அளவும் துணையும் வைத்துக் கையாண்ட மரபு இது. இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. நவீன சட்டம் இரண்டாக வெட்டிய ஒரு சொல்லை நம் ஜனங்களின் வாய் வெட்டாமல் வைத்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

வெட்டுவதிலும் பாரபட்சம் உண்டு. கஞ்சாச் செடியின் பூந்தலையும் பிசினும் குற்றம். தனியாகப் பறித்த இலை சட்டத்தின் வரையறைக்குள் வராது. அதனால் வடக்கே பாங்கு அரசு உரிமம் பெற்ற கடையில் விற்கிறது. பண்டிகைக்குக் குடிப்பது பண்பாடு. நம் குருமாவில் அரைத்துப் போடும் கசகசா அபின் செடியின் விதைதான். இங்கே அது மளிகைச் சாமான், சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடைசெய்யப்பட்ட பொருள். எல்லைக்கோட்டைச் செடி போடுவதில்லை.

3

இப்போது அந்தச் செடி நிற்கும் வயலுக்குப் போகலாம். மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சோர், ராஜஸ்தானில் சித்தோர்கட், உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி. இந்த வட்டாரங்களில் மத்திய அரசின் உரிமம் பெற்ற விவசாயிகள் அபின் பயிரிடுகிறார்கள். காயைக் கீறிவிட்டால் ராத்திரி பால் கசியும், காலையில் சுரண்டி எடுப்பார்கள். குவாலியரில் தலைமையகம் வைத்திருக்கும் மத்திய நார்க்காட்டிக் அலுவலகம் அளந்து வாங்கிக்கொள்கிறது. குறைந்தபட்ச விளைச்சலைக் காட்டாதவருக்கு உரிமம் போய்விடும். வாங்கிய அபின் நீமச்சுக்கும் காஜிப்பூருக்கும் அரசு ஆலைகளுக்குப் போகிறது. அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு மார்ஃபின். அபினைப் பிசினாகவே எடுத்து, சட்டபூர்வமாக ஏற்றுமதி செய்யும் நாடு உலகில் இந்தியாதான். 2020-21 முதல் காயைக் கீறாமல் முழுதாக எடுக்கும் முறைக்கும் உரிமம் தருகிறார்கள்.

காஜிப்பூர் ஆலை 1820ல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. அமிதாவ் கோஷின் 'ஸீ ஆஃப் பாப்பீஸ்' நாவலில் (2008) வரும் ஆலை இதுதான். சீனர்களின் நுரையீரலுக்குள் இந்திய அபினைத் திணிப்பதற்காக 1839லும் 1856லும் பிரிட்டன் போர் தொடுத்தது. அப்போது அபின் சரக்கு, வருமானம், தடையற்ற வணிகம் என்னும் உயர்ந்த கொள்கை. பிறகு அதே ஆலை சுதந்திர இந்தியாவின் மருந்து மூலப்பொருள் ஆலையாயிற்று. இருநூறு வருஷமாகப் புகைபோக்கி மாறவில்லை, அதைச் சுற்றிய சொல்லாடல்தான் மாறியிருக்கிறது. தனக்கு லாபமென்றால் சரக்கு, குடிமகன் கையில் இருந்தால் குற்றம், ஏற்றுமதியானால் மருந்து என்று அரசு பேசிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்த நாட்டில்தான் 1985 சட்டத்துக்குப் பிறகு மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு ஏறத்தாழ 97 சதவீதம் விழுந்தது. 1997ல் இந்தியா முழுவதுக்கும் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. மறுபடி வாசித்துப் பாருங்கள்: பதினெட்டு கிலோ. நூறு கோடியை நெருங்கிக்கொண்டிருந்த ஜனத்தொகைக்கு, இரண்டு கோணிப்பையைக்கூட நிரப்பாத அளவு.

யாரும் மார்ஃபினைத் தடைசெய்யவில்லை. அதுதான் இந்த அதிகாரத்தின் நுட்பம். மருத்துவமனை ஒன்று மார்ஃபின் வைத்துக்கொள்ள ஆயத்தீர்வைத் துறையிடமும் சுகாதாரத் துறையிடமுமாக நாலைந்து உரிமங்கள் வாங்க வேண்டும், எல்லாம் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்க வேண்டும். நாலாவது கைக்கு வருவதற்குள் முதலாவது காலாவதியாகிவிடும். மாநிலத்துக்கு மாநிலம் வேறு படிவம். தவறினால், சட்டத்தின் அன்றைய வடிவில், குறைந்தபட்சமே பத்து ஆண்டுச் சிறையும் ஒரு லட்சம் அபராதமும். வைத்திருந்தாலே குற்றமனம் இருந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கும், இல்லையென்று நிரூபிப்பது உன் பாடு. 1989க்குப் பிறகு பிணை கிடைப்பதும் குதிரைக்கொம்பு. இத்தனையும் தெரிந்த எந்த மருந்தாளர் அலமாரியில் அந்த மாத்திரையை வைப்பார்? ஃபூக்கோ சொன்ன அதிகாரம் இப்படித்தான் வேலை செய்கிறது. போலீஸ்காரர் வரவேண்டியதே இல்லை. மருந்தாளரும் மருத்துவரும் தங்களுக்குத் தாங்களே போலீஸ்காரர் ஆகிவிடுகிறார்கள். ஒரு தலைமுறை மருத்துவ மாணவர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் காணாமலே பட்டம் வாங்கினார்கள். பிறகு சட்டம் தளர்ந்தாலும் எழுதிக்கொடுக்கக் கை வரவில்லை.

4

1985லேயே இன்னொரு பிரதியும் வெளியானது. எலைன் ஸ்கேரியின் 'தி பாடி இன் பெய்ன்'. உடல்வலி மொழிக்கு அடங்காதது மட்டுமல்ல, மொழியையே அழிக்கிறது, மனிதனை மொழிக்கு முந்தைய முனகலுக்கும் கூக்குரலுக்கும் தள்ளிவிடுகிறது என்பது அவருடைய வாதம். முக்கியமான புத்தகம், சித்திரவதை பற்றிப் பேசுகிற எவரும் தாண்டிப்போக முடியாதது. ஆனால் இந்த வாதத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்வதில் எனக்குச் சம்மதமில்லை.

என் பெரியம்மாவுக்கு முதுகெலும்பில் பரவிய புற்றுநோய். கடைசி நாலு மாதம் தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் வீட்டோடு கிடந்தார். அந்த நாலு மாதமும் அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். 'குடையுதுடா தம்பி' என்பார். மறுநாள் 'இன்னிக்குக் குடையல, கடுக்குது' என்பார். விண்ணு விண்ணென்று தெறிக்கிறது, சுள்ளென்று இழுக்கிறது, எலும்புக்குள்ளே தீக்குச்சி உரசுறாப்பில் இருக்கிறது, பிடுங்குகிறது, அறுக்கிறது, இசிக்கிறது. நரம்பு வலிக்கு ஒரு சொல், எலும்பு வலிக்கு ஒரு சொல், தசை வலிக்கு ஒரு சொல். எழுத்து அதிகம் தெரியாத அந்த மனுஷி ஒரு நோய்க்குறி அகராதியே சொல்லிவிட்டுப் போனார். பார்க்க வந்த டாக்டர் ஒருவர், ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார். பெரியம்மா என்னைப் பார்த்தார். 'என்னடா, மார்க்கு போடச் சொல்றாரு?'

மார்ஃபினுக்கு எழுதிக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன். 'அதெல்லாம் நம்மகிட்ட கிடையாதுங்க. டிரமடால் போடுவோம்' என்றார். ஊரில் ஏறி இறங்கிய மருந்துக் கடை ஒன்றில் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'சார், அந்தப் பேரையே சத்தமாச் சொல்லாதீங்க' என்றார். மாத்திரை இருந்த மருத்துவமனை பஸ்ஸில் நாலு மணி நேரம். முதுகெலும்பு நொறுங்கிய ஒருவரை நாலு மணி நேரம் பஸ்ஸில் வைத்துக் கொண்டுபோக முடியாது.

ஆகவே ஸ்கேரியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. மொழி இல்லாமல் போனது வலிப்பட்டவரிடம் அல்ல, கேட்க வேண்டியவர்களிடம். சட்டத்துக்குப் போதை என்ற சொல் தெரியும், குடைச்சல் என்ற சொல் தெரியாது. கடத்தல்காரனை நூறு வாக்கியத்தில் வருணிக்கத் தெரிந்த பிரதிக்கு, வலியில் கிடப்பவரைப் பற்றிச் சொல்ல 'மருத்துவ நோக்கம்' என்ற இரண்டு சொல்தான் இருந்தது. வலியைப் பேச்சற்றது என்று தத்துவம் வேறு வந்து சான்றிதழ் கொடுத்தால், கேளாதவர்களுக்கு அது வசதியாகிவிடும்.

சட்டத்தை மட்டும் சொல்வானேன், நம் கலையும் இதில் கூட்டுத்தான். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'வாழ்வே மாயம்' (1982) என்று புற்றுநோய் நம் வெள்ளித்திரையில் நெடுங்காலமாக இருக்கிறது. தியாகம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. வலியை எப்படி ஆற்றுவது என்ற கேள்வி கதையின் நடுவுக்கு வருவதில்லை. துன்பத்தை உன்னதமாக்கிவிட்டால் அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது அற்பமாகத் தெரியும். 'எல்லாம் கர்மவினை' என்கிற வைதிகக் குரலும், 'வலியே என் விடுதலை' என்று கவிதை எழுதுகிற நவீனக் குரலும் இந்த ஒரு இடத்தில் கைகுலுக்கிக்கொள்கின்றன. அனுபவிக்கிறவர்களுக்கு இரண்டும் உதவாது.

5

தோழர்கள் ஒரு எதிர்க்கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அமெரிக்காவைப் பார்க்கவில்லையா? 1996ல் பர்டியூ கம்பெனி 'ஆக்ஸிகான்டின்' மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றது. 2007லும் 2020லும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இடையில் லட்சக்கணக்கான சாவுகளைக் கொண்ட ஒரு கொள்ளைநோயாக அது வளர்ந்தது. கதவைத் திறந்தால் இங்கேயும் அதுதானே வரும்?

வரலாம். அதனால்தான் எந்தக் கதவு என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நடந்தது நோயாளியின் வலியைக் கேட்டதால் வந்த வினையல்ல, காப்புரிமை பெற்ற விலையுயர்ந்த மாத்திரைக்குச் சந்தை தேடியதால் வந்தது. சாதாரண வாய்வழி மார்ஃபின் காப்புரிமையில்லாத பழைய மருந்து, மலிவானது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, நோயாளிக்கு ஏற்ற அளவில், மலச்சிக்கலுக்கும் குமட்டலுக்கும் சேர்த்து மருந்து கொடுத்து, ஆள் பார்த்துத் தர வேண்டியது. இதில் கம்பெனிக்குப் பெரிய காசில்லை. எனவே சந்தை இதைக் கொண்டுவராது. சட்டம் தடுத்ததும் சந்தை கைவிட்டதும் ஒரே மாத்திரையைத்தான். 2017ல் வந்த லான்செட் ஆணைய அறிக்கையின் கணக்கைப் பாருங்கள்: உலகில் ஆண்டுக்கு விநியோகமாகும் மார்ஃபின் வகை மருந்துகள் 298.5 டன், அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்வது 0.1 டன். இந்தியாவில் கிடைப்பது தேவையில் 4 சதவீதம். ஒரு பக்கம் வெள்ளத்தில் சாகிறார்கள், மறுபக்கம் வறட்சியில் துடிக்கிறார்கள். இரண்டு பக்கமும் மடையைத் திறந்து மூடுகிறவரிடம் நோயாளியைப் பற்றிய நினைப்பில்லை.

வேறு வழி இருக்கிறது என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. 1993ல் எம்.ஆர்.ராஜகோபால், சுரேஷ் குமார் முதலான மருத்துவர்கள் கோழிக்கோட்டில் வலி மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அங்கே இரண்டு ஆண்டுகளில் 1723 நோயாளிகளுக்கு வாய்வழி மார்ஃபின் வீட்டுக்கே கொடுத்து அனுப்பப்பட்டது. தவறாகப் பயன்படுத்தியதாகவோ வெளியே கடத்தியதாகவோ ஒரு சம்பவமும் தென்படவில்லை என்று 2001ல் லான்செட்டில் எழுதினார்கள். அதைச் சாத்தியமாக்கியது மருத்துவர் மட்டுமல்ல, வீடு வீடாகப் போன தொண்டர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ஆசிரியர்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள். 2008ல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே அறிவித்து உள்ளாட்சிகளைப் பொறுப்பாக்கியது. லண்டனில் 1967ல் மருத்துவமனை தொடங்கிய ஸிஸிலி சாண்டர்ஸின் 'முழு வலி' என்ற கருத்து ஒன்று உண்டு: உடம்பு வலியோடு காசுக் கவலையும், தனிமையும், பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற பயமும் சேர்ந்ததுதான் வலி. கேரளத்துக்காரர்கள் அதை மலையாள மண்ணில் ஊன்றி அரசியலாக்கிவிட்டார்கள். நஞ்சும் மருந்துமான ஒரு பொருளைச் சமூகம் தன் கண்பார்வையில் வைத்துக் கையாள முடியும் என்று காட்டினார்கள். இது பூட்டும் போடாத, கடையும் விரிக்காத மூன்றாவது முறை.

2014ல் சட்டம் திருத்தப்பட்டது. 'அத்தியாவசிய நார்க்காட்டிக் மருந்துகள்' என்ற புதிய வகை பிறந்தது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அதில் சேர்ந்தன. 2015லிருந்து நாடு முழுவதும் ஒரே விதி. நாலைந்து உரிமத்துக்குப் பதில், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே அங்கீகாரம் போதும். திருத்தத்துக்காக வருஷக்கணக்கில் அலைந்தவர்கள் பெரிய காரியம் செய்திருக்கிறார்கள். பிரதியை வாசிக்கிறவனாக எனக்கு அந்த 'அத்தியாவசிய' என்ற சொல் முக்கியம். எச்சமாகக் கிடந்த நோயாளி முதல்முறையாகச் சட்டத்தில் பெயரடை பெற்றிருக்கிறார். முற்றாவதற்கு அது போதாது. அங்கீகாரம் பெறுவது மருத்துவமனையின் விருப்பம், கடமையல்ல. பெறாவிட்டால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. போதைப்பொருள் பிடிபட்டால் மறுநாள் பேப்பரில் போட்டோ வருகிறது. மாவட்ட ஆஸ்பத்திரியில் மார்ஃபின் தீர்ந்துபோனால் ஒரு வரிகூட வருவதில்லை.

அந்த ஒரு வரியை வரவைப்பது எழுதுகிறவர்களும் களத்தில் நிற்கிறவர்களும் செய்யக்கூடிய வேலை. காவிரியைப் பற்றியும் கல்விக் கட்டணத்தைப் பற்றியும் அறிக்கை விடத் தெரிந்த நமக்கு, சாகக் கிடப்பவரின் வலி அரசியல் கோரிக்கையாக இதுவரை தெரியவில்லை. அது குடும்பத்து விஷயம், பெண்கள் பார்த்துக்கொள்கிற விஷயம் என்று அறைக்குள்ளேயே விட்டுவிட்டோம். பெரிதாக ஒன்றும் வேண்டாம். உங்கள் மாவட்டத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் எத்தனை, போன வருஷம் அரசு மருத்துவமனை எவ்வளவு வாய்வழி மார்ஃபின் வாங்கியது, எத்தனை நாள் இருப்பு இல்லாமல் இருந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்வி போடுங்கள். பத்து ரூபாய்தான். பதில் வந்தால் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதையும் அனுப்புங்கள், அதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம்.